ஒரு வருசம் கழிச்சு வாங்க

மூணாறு தேயிலைத் தோட்ட லயத்தில் மழை விட்டிருந்த சாயங்காலம். மதினி அரிசி டப்பாவுக்குள் கைவிட்டு மடித்த சீட்டொன்றை எடுத்தார். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையின் முடிவு. லேசான மாற்றமாம். மருந்து எழுதவில்லை; ஒரு வருசம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

“ஒண்ணுமில்லைன்னா எதுக்குத் திரும்ப வரச் சொல்லுதாக? இருக்குன்னா ஏன் மருந்து தரலை?”

நியாயமான கேள்விகள். கட்டன் சாயா ஆறும்வரை எனக்குப் பதில் வரவில்லை.

*

இந்த மாற்றத்துக்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அது பெரும்பாலான பெண்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்துபோவது. உடலுறவில் தொற்றுவது என்றாலும், யாருடைய நடத்தைக்கும் அது சாட்சி இல்லை. உடம்பே இரண்டு வருசத்துக்குள் பெரும்பாலும் அதை விரட்டிவிடும். இருக்கும்போது சிலருக்கு, கர்ப்பப்பை வாயை மூடிய செல் அடுக்கில் அடிப்பகுதி மட்டும் உருமாறித் தெரியும். லேசான மாற்றம் என்பது அதுதான். அப்படியே விட்டால் 100 பேரில் ஏறக்குறைய 60 பேருக்குத் தானாகச் சரியாகும். பத்துப் பேருக்கு முற்றலாம். புற்றுநோய்வரை போவது ஒருவருக்கு. அதற்கும் பல வருசம் பிடிக்கும். அவசரப்பட்டு வெட்டியெடுத்தால் பின்னால் குறைப்பிரசவ ஆபத்து கூடலாம்.

மருந்து தராத டாக்டரை நம் சனம் டாக்டராகவே மதிப்பதில்லை. அதுவும் ஒரு சிக்கல்.

*

மூணாறிலிருந்து மறையூர், சின்னாறு வழியாக இறங்கி, உடுமலை, பழனி தாண்டினால் ஒட்டன்சத்திரம். பக்கத்தில் அம்பிளிக்கை. 2000-இல் தொடங்கி அங்கிருந்து திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களுக்கு நர்சுகள் இதே பரிசோதனை செய்யப் போனார்கள். கையில் விளக்கும் நீர்த்த அசிட்டிக் அமிலமும். ஊறுகாயில் ஊற்றும் வினிகரில் இருப்பதுதான். தடவி ஒரு நிமிடம் பொறுத்தால் மாறிய இடம் வெளுக்கும். 31,343 பெண்களைப் பார்த்தார்கள். இந்த ஆய்வை நடத்திய டாக்டர் சங்கரநாராயணன் குழு 2007-இல் வெளியிட்ட கணக்குப்படி, பரிசோதனைக்கு அழைத்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் சாவு, அழைக்காத ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு.

வெளுத்த இடத்தைப் பார்த்து, இது மறையும், இது முற்றும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. திரும்பப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஒரு வருசமும் வைத்தியத்தில் சேர்த்திதான் என்றேன். மதினி தலையாட்டினார், நம்பினாரா தெரியவில்லை.

*

திரும்பப் போகவேண்டிய நாள் கொளுந்து எடுக்கிற நாளாக இருக்கும். கூலி போகும், பஸ் காசு தனி. ‘வலி இல்லையே’ என்று நாள் தள்ளிப்போகும். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் தேங்காய்க் களத்துக்குப் போகிறவளுக்கும் இதே கணக்குத்தான்.

வீட்டில் அப்படியொரு சீட்டு கிடந்தால், எடுத்துத் தேதியைப் பாருங்கள்.