எட்டாவது பெயர்

ஆமோஸ் ஆகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களை இன்று மாத்தளையில் உட்கார்ந்து வாசிப்போம். தெக்கோவாவில் மந்தை மேய்த்து, காட்டத்திப் பழம் பொறுக்கிப் பிழைத்தவர் ஆமோஸ். அவர் ஒவ்வொரு தேசத்தையும் பெயர் சொல்லிக் கூண்டில் ஏற்றுகிறார். தமஸ்கு, கீலேயாத்தின் ஜனங்களை இரும்புக் கருவியால் போரடித்தது. காசாவும் தீருவும் ஊர் ஊராக மனுஷரைப் பிடித்து ஏதோமின் கையில் கொடுத்தன. அம்மோன் தன் எல்லையை விரிக்கக் கர்ப்பிணிகளைக் கிழித்தது. இந்தத் தேசங்கள் பலி செலுத்தவில்லை, ஓய்வுநாளை மீறின என்று ஒரு குற்றச்சாட்டும் இல்லை. மனுஷனை மனுஷனாக எண்ணாத பெருமை, அதற்குத்தான் தீர்ப்பு!

மாத்தளைக்கு இது புரியும். 1840களில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையும் நாலந்தையும் கடந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தார்கள். வாந்திபேதியில் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். வந்து சேர்ந்தவர் தலையில் வழிச்செலவும் முன்பணமும் கடனாக ஏறியது. பின்னாளில் அந்தக் கடன் ஒரு கடதாசியானது. அதற்குத் துண்டு என்று பெயர். இவ்வளவு பணம் கட்டினால் இத்தனை பேரை விடுவேன் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பார். அடுத்த தோட்டத்துத் துரை அந்தக் கடனைக் கட்டினால் ஆட்கள் கைமாறுவார்கள். புருஷன், பெண்சாதி, பிள்ளைகள் எல்லோரும் அந்தத் தொகைக்குள் அடக்கம். 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது.

அதற்கு வெகு முன்பே கோப்பி ராஜ்யம் விழுந்துவிட்டது. 1869இல் இலையில் துரு நோய் கண்டது. மாத்தளைக்கு ரயில் வந்த 1880இல் கோப்பிச் செடி செத்துக்கொண்டிருந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884இல் கதவை மூடியது. கர்த்தர் துரைமாரை நியாயந்தீர்த்தார் என்று சொல்ல நாக்கு துடிக்கும். நான் சொல்லமாட்டேன். அந்த வீழ்ச்சியில் முதலில் பட்டினி கிடந்தவர்கள் லயத்தில் இருந்தவர்கள். பலருக்குச் சம்பளப் பாக்கி கடைசிவரை கைக்கு வரவில்லை. ஏசாயாவைப் பாருங்கள். மோவாபின் அழிவை அறிவித்த அதே வாயால் அதன் திராட்சைத் தோட்டங்களுக்காக அழுகிறார். அறுப்பின் ஆரவாரம் அடங்கிப்போயிற்றே என்று அவர் குடல் பதறுகிறது. அழத் தெரியாதவன் தீர்ப்பைப் பிரசங்கிக்கக் கூடாது.

ஆமோசின் பட்டியலில் ஏழாவது பெயர் யூதா. எட்டாவது, அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேல். ஒரு ஜோடு பாதரட்சைக்கு எளியவனை விற்றவர்கள் அவர்கள். நம் கதையிலும் அப்படித்தான். துண்டில் எழுதியது துரைதான். ஆனால் ஊருக்குப் போய் ஆள் திரட்டியவரும், கடன் கணக்கை வைத்திருந்தவரும், ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கியவரும் நம் பாஷை பேசிய பெரிய கங்காணி. பலருக்குச் சொந்தக்காரரும்கூட. பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா ஆமோசை ஊரைவிட்டுப் போகச் சொன்னது, பேச்சு இஸ்ரவேலின் ராஜாவைத் தொட்டபோதுதான்.

இன்றைக்கும் தோட்டத்துப் பிள்ளையைக் கொழும்பில் வீட்டு வேலைக்கு விட்டுத் தரகு வாங்குகிறவர் வெள்ளைக்காரத் துரை இல்லை. முழங்கால் போடுமுன், உங்கள் லயத்திலிருந்து அப்படிப் போன பிள்ளைகளின் பெயரை என்னிடம் வந்து சொல்லுங்கள். எந்த வீட்டில் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது வந்து போனார்கள், சம்பளம் யார் கையில் போகிறது என்று இந்த வாரமே போய் விசாரிப்போம்.