கப்பலின் கீழ்த்தட்டு



நம்மவரில் பெரும்பாலோர் கப்பலேறி வந்தவர்களின் மக்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலாவிலோ ஸ்டேட் ஆப் மெட்ராஸிலோ ஏறி, மேல்வகுப்புச் சீட்டுக்குக் கையில் காசில்லாமல், பாயை விரித்து இடம் பிடித்து, பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கிய பாட்டனார்களின் கதைகள் நம் வீடுகளில் இன்றும் பேசப்படுகின்றன. ஆகவே, கப்பலை உவமையாக வைத்து நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லிய ஒரு செய்தி மற்றெவரையும்விட நமக்கு விரைவில் விளங்க வேண்டும்.

ஸஹீஹ் புகாரியில் வரும் அந்த ஹதீஸின் கருத்து இது. ஒரு கூட்டத்தார் சீட்டுக் குலுக்கிக் கப்பலில் இடம் பிரித்துக்கொண்டனர். சிலருக்கு மேல்தட்டு, சிலருக்குக் கீழ்த்தட்டு. கீழே இருந்தவர்களுக்குத் தண்ணீர் வேண்டுமானால் மேலே ஏறி, அங்கிருப்போரைத் தாண்டித்தான் போக வேண்டும். இவர்களுக்கு ஏன் தொல்லை கொடுக்க வேண்டும், நம்முடைய பங்கிலேயே ஒரு துளை போட்டுக்கொண்டால் என்ன என்று அவர்கள் எண்ணினார்கள். மேலே உள்ளவர்கள் அவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள்.

இந்த ஹதீஸை விளக்கும்போது கீழ்த்தட்டுக்காரரின் அறியாமையே பெரும்பாலும் எடுத்துப் பேசப்படும். அது சரியே. ஆயினும் அவர்கள் கெட்ட நோக்கத்தோடு துளையிட நினைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். மேலே உள்ளவர்களுக்குத் தொல்லை தரக்கூடாது என்றே நினைத்தார்கள். தண்ணீர் மேலே இருந்தது; தாகம் கீழே இருந்தது. கீழே இருப்பவனின் தாகத்தை மேலே இருப்பவன் முன்னமே விசாரித்திருந்தால் துளை என்ற பேச்சே எழுந்திருக்காது.

நம் பினாங்கில் இன்று நடப்பதோ தலைகீழ். துளையிடுவது மேல்தட்டு. தண்ணீர் முதலில் புகுவது கீழ்த்தட்டில்.

2017ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி, தஞ்சோங் பூங்காவில் கட்டடவேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் சரிவு இடிந்து விழுந்து 11 தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர், நம் பாட்டனார்களைப் போலவே, பிழைப்பு நாடிக் கடல் கடந்து வந்தவர்கள். இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 4ஆம் தேதி இரவு தொடங்கிய பெருமழையிலும் காற்றிலும் மாநிலமே நீரில் மிதந்தது. 7 பேர் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அந்த வெள்ளத்தில் நம்மவர் கடைகளிலும் அரிசி மூட்டைகளும் துணிக்கட்டுகளும் நனைந்தன. நமக்குச் சரக்கு நஷ்டம். தாழ்ந்த கம்பத்து வீட்டிலும் அடுக்குமாடியின் தரைத்தளத்திலும் இருந்தவர்களுக்கோ படுக்கை, அடுப்பு, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம் எல்லாம் நஷ்டம்.

ஒரு மழையைக் காட்டி, இது முழுக்க இதனால் வந்தது என்று அடித்துச் சொல்ல அறிஞர்கள் துணிவதில்லை. ஆனால் பொதுக் கணக்கு ஒன்று உண்டு. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால், அது தாங்கக்கூடிய ஈரம் ஏறத்தாழ 7 சதவிகிதம் கூடுகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து உலகத்தைச் சூடேற்றினால், வானம் இறைக்கும்போது மொத்தமாக இறைக்கிறது. அந்த நீரை உறிஞ்ச வேண்டிய மலைச்சரிவை வெட்டி, வயலையும் சதுப்பையும் சிமெண்டால் மூடிவிட்டால், அது எங்கே போகும்? பள்ளத்துக்குத்தான் போகும். பள்ளத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டுக்கு மனிதர் தம் கைகளால் செய்தவையே காரணம் என்ற கருத்து, ஸூரத்துர் ரூமின் 41ஆம் வசனத்தில் வருகிறது. தரை மட்டுமன்று, கடலும் சொல்லப்பட்டிருப்பதைத் தீவிலே வாழும் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

கடல் என்றதும் தீவின் தென்கரை நினைவுக்கு வருகிறது. பெர்மாத்தாங் டாமார் லாவுட், தெலோக் கும்பார், கெர்தாக் சங்குல் என்று வரிசையாக மீனவர் குடியிருப்புகள் அங்கே உள்ளன. அந்தக் கடலை மண்ணிட்டு நிரப்பி மூன்று தீவுகள், சுமார் 4,500 ஏக்கர் நிலம் உண்டாக்க ஒரு திட்டம் வந்தது. மீனவர்கள் எதிர்த்து நின்றார்கள். சுற்றுச்சூழல் அறிக்கைக்கு 2019ல் கொடுக்கப்பட்ட ஒப்புதலை, 2021ல் மேல்முறையீட்டு வாரியம் ரத்து செய்தது. பின்னர் 2023ல் திட்டம் ஒரே தீவாக, 2,300 ஏக்கராகக் குறைக்கப்பட்டு, அவ்வாண்டே மண் நிரப்பும் வேலையும் தொடங்கிற்று.

இதில் நம் கருத்தை மறைக்க விரும்பவில்லை. நகரம் வளர்வதும், தொழிற்சாலை வருவதும், வியாபாரம் பெருகுவதும் மார்க்கத்துக்கு விரோதமல்ல. நாமே அதில் பிழைப்பவர்கள். ஆனால் ஒருவன் வலை வீசிய இடத்தை நிலமாக்கி விலை போடும்போது, அவனுக்கு எவ்வளவு கொடுத்தால் போதும் என்று கேட்பதற்கு முன்னால், அவன் சம்மதித்தானா என்று கேட்பதே முறை. மூன்று தீவு ஒன்றாகக் குறைந்ததற்கு அந்த ஏழை மீனவர்கள் வாய் திறந்ததும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். நம் நாசி கண்டார் கடைகளின் மீன்குழம்புக்கு மீன் கொடுத்த கை அது. அந்தக் கைக்காக நம் ஜமாஅத்துகளில் எத்தனை பேர் பேசினோம்?

ஹலரத் உமர் (ரலி) அவர்கள் கலீபாவாக இருந்தபோது, பொது மேய்ச்சல் நிலம் ஒன்று காவலில் இருந்தது. அரபியில் அதற்கு ஹிமா என்று பெயர். அதற்கு ஹுனைய் என்ற காவலரை நியமித்து அவர்கள் சொன்ன புத்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. நாலைந்து ஒட்டகமும் சில ஆடுகளும் வைத்திருப்பவனை உள்ளே விடு; ஆனால் இப்னு அவ்ப், இப்னு அப்பான் ஆகியோரின் மந்தைகள் விஷயத்தில் கவனமாக இரு என்பதே அதன் சாரம். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப், உஸ்மான் இப்னு அப்பான் (ரலி) ஆகிய இருவரும் யார்? சுவனத்துக்கு நன்மாராயம் பெற்ற பத்துப் பேரில் இருவர். மதீனாவின் பெரும் வர்த்தகர்கள். அவர்கள் கெட்டவர்கள் என்பதற்காகவா கலீபா அப்படிச் சொன்னார்கள்? இல்லை. அவர்கள் மந்தை அழிந்தாலும் திரும்பிப் போகப் பேரீச்சந்தோப்பும் பயிரும் உண்டு. ஏழையின் மந்தை அழிந்தாலோ, அவன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கலீபாவின் வாசலுக்குத்தான் வரவேண்டும். அதுவே கலீபா சொன்ன காரணம்.

சகோதரர்களே, பொதுச் சொத்தைப் பங்கிடும் நியாயம் இதைவிடத் தெளிவாக வேறெங்கே இருக்கிறது! மாற்று வழி உள்ளவன் பின்னால் நிற்க வேண்டும். மாற்று வழி இல்லாதவன் முன்னால் வரவேண்டும். சீதோஷ்ணம் கெட்டுப்போனதைப் பற்றி உலக நாடுகள் கூடிக் கூடிப் பேசுவதெல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது.

அதே உஸ்மான் (ரலி) அவர்கள் அதற்கு முன்பு செய்த காரியத்தையும் சொல்லியாக வேண்டும். மதீனாவில் ரூமா என்றொரு கிணறு. அதன் தண்ணீர் விலைக்கு விற்கப்பட்டது. காசில்லாதவன் என்ன செய்வான்? உஸ்மான் (ரலி) அவர்கள் அந்தக் கிணற்றைத் தம் பொருளைக் கொண்டு வாங்கி எல்லோருக்கும் வக்பு செய்துவிட்டார்கள். முதலில் பாதியை வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் தம் முறையில் இலவசமாகக் கொடுத்தார்கள் என்றும், அதன் பிறகு மற்றவன் முறையில் விலை கொடுத்து வாங்க ஆளே வராமற் போகவே, மீதிப் பாதியையும் அவன் விற்றுவிட்டான் என்றும் சொல்லப்படுகிறது. வியாபார மூளை எவ்வளவு அழகாகத் தர்மத்துக்குப் பயன்பட்டது பாருங்கள்.

நம் காலத்தில் நம்மவர் ஒருவரும் இருந்தார். எஸ்.எம். முகமது இத்ரீஸ் அவர்கள் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம், பினாங்கில் வணிகர். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் தலைமையை ஏற்று, 2019 மே மாதம் காலமாகும் வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு அதை நடத்தினார். 1977ல் சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற இயக்கத்தையும் நிறுவினார். இயற்கையின் தோழர்கள் என்பது பொருள். மலாய்க்காரர் சொல்லும் சஹாபாட், நம் ஸஹாபா என்ற சொல்லின் உடன்பிறப்பே.

1970களில் பிறை தொழிற்பேட்டையின் கழிவு ஜூரு ஆற்றில் கலந்து, மீனும் சிப்பியும் செத்து, குவாலா ஜூரு மீனவர்கள் வாழ வழியற்று நின்றபோது, அவர்கள் வழக்கை ஊரறியச் செய்தது அந்தப் பயனீட்டாளர் சங்கம். அந்த மீனவர்கள் சும்மா அழுதுகொண்டிருக்கவில்லை. சங்கம் அமைத்தார்கள், கூட்டாகக் கெராங் சிப்பி வளர்த்தார்கள், தங்கள் குறையைத் தாங்களே எழுந்து நின்று சொன்னார்கள். நம்மவர் பலர் அந்த நாளில், இத்ரீஸ் பாய்க்குக் கடையைப் பார்க்கிற வேலை இல்லையா என்று சிரித்திருப்பார்கள். இன்றும் அவரைப் பற்றிப் பேசும்போது பெருமைப்படுகிறோமே தவிர, அவர் வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளத் தயங்குகிறோம்.

தயக்கத்துக்குச் சொல்லும் காரணம் நமக்குத் தெரியும். நாம் வியாபாரிகள், அரசாங்க விவகாரம் நமக்கெதற்கு, லைசென்ஸுக்கு நாளை அதே வாசலில்தானே நிற்க வேண்டும் என்பார்கள். பயம் நியாயமானதே. ஆனால் இதில் ஹக்கு என்றொரு விஷயம் இருக்கிறது. அல்லாஹ்வின் ஹக்கில் குறை வைத்தால் தௌபா செய்து அவனிடம் மன்னிப்புக் கேட்கலாம். அடியார்களின் ஹக்கில் குறை வைத்தால், அந்த அடியான் மன்னிக்க வேண்டும். திவாலானவன் யார் தெரியுமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை கேட்டார்கள். கையில் திர்ஹமும் சரக்கும் இல்லாதவன் என்று ஸஹாபாக்கள் விடை சொன்னார்கள். இல்லை, தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் நிறையக் கொண்டுவந்து, பிறருக்குச் செய்த அநியாயத்துக்கு ஈடாக அத்தனையையும் மஹ்ஷரில் கொடுத்துத் தீர்த்துவிட்டு நிற்பவனே திவாலானவன் என்ற பொருளில் விளக்கம் அருளினார்கள். திவால் என்ற சொல்லின் சூடு வியாபாரிக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்குத் தெரியும்?

தீவில் நாம் கொட்டும் குப்பை கடலைக் கடந்து, நிபோங் திபால் பக்கத்துப் புலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்துப் பல நாட்கள் புகைந்தது. அந்தப் புகையைக் குடித்தவர்கள் அங்குள்ள ஜனங்கள், நாமல்ல. ரமலானில் நம் பள்ளிவாசல்களில் ஊற்றும் நோன்புக் கஞ்சியை எண்ணிப் பாருங்கள். முன்னெல்லாம் தூக்குச்சட்டி கொண்டுவந்து வாங்கிப் போனார்கள். இப்போது பிளாஸ்டிக் பையிலும் வெள்ளைப் பெட்டியிலும் ஊற்றிக் கொடுக்கிறோம். கஞ்சியின் நன்மை நம் ஏட்டில். பெட்டியின் புகை அயலான் நெஞ்சில். தூக்குச்சட்டி கொண்டு வருபவருக்கு முதல் வரிசை என்று ஒரு போர்டு எழுதி வைப்பதற்கு எந்த இலாகாவின் அனுமதியும் வேண்டியதில்லை!

உணவுக்கடை வைத்திருப்போர் பொரித்த எண்ணெயைப் பின்சந்துச் சாக்கடையில் கொட்டும் வழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும். அது கட்டியாகிச் சாக்கடையை அடைத்து, மழை நாளில் நம் அண்டைவீட்டாரையே நனைக்கிறது. பழைய எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கிப் போவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். மாநில அரசாங்கம் 2009ல் திங்கட்கிழமைகளில் மட்டும் இலவசப் பிளாஸ்டிக் பையை நிறுத்தி, 2011ல் எல்லா நாளும் 20 காசு என்று ஆக்கியது. வியாபாரம் படுத்துவிடும் என்று முனகியவர்கள் அப்போது இருந்தார்கள். கடைகள் திறந்துதான் இருக்கின்றன.

ஆனால் கடையைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் மட்டும் கடமை தீர்ந்ததென்று நாம் எண்ணவில்லை. கப்பலில் தம் மூலையைப் பெருக்கி வைத்தவர்களைப் பற்றி அந்த ஹதீஸ் பேசவில்லை. கையைப் பிடித்தவர்களைப் பற்றியே பேசுகிறது. கையைப் பிடிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுக் கருத்துக் கேட்கப்படுகிறது. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டப்படி, வட்டாரத் திட்டத்தின் நகல் வெளியாகும்போது எவரும் ஆட்சேபம் எழுதலாம். ஏல அறிவிப்பையும் நாணய மாற்று விலையையும் காலையில் முதல் வேலையாகப் பார்க்கும் நமக்கு, இந்த அறிவிப்புகளைப் படிப்பது கடினமான காரியமல்ல. குறித்த கெடுவுக்குள் எழுதாவிட்டால் பின்னால் கூச்சலிட்டுப் பயனில்லை.

எனவே ஒவ்வொரு ஜமாஅத்திலும் மலாயும் ஆங்கிலமும் நன்கு தெரிந்த இரண்டு இளைஞர்களை இதற்கென்றே நியமிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். அறிவிப்பு வந்ததும் அவர்கள் தென்கரைக்கோ நிபோங் திபாலுக்கோ நேரில் போய், அங்குள்ளவர்களிடம் விசாரித்து, அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வரட்டும். கடிதத்தில் கையெழுத்திடக் கடைக்காரர்களாகிய நாம் இருக்கிறோம். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி வராந்தாவில் ஒரு மேஜை போட்டால் ஒரு மணி நேரத்தில் நூறு கையெழுத்துச் சேரும். மேஜையும் பேனாவும் இச்சங்கம் கொடுக்கும்.