கயிறு யார் கையில்?

 

இரவு 2 மணி. ஜெயிக்கப் போகும் நேரத்தில் கேம் ஹேங் ஆகிறது. பிள்ளை மவுஸை வீசுகிறான். எழுந்து வந்த தாயிடம் சீறுகிறான். புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் சரியாகிவிடும் என்கிறான். கார்டை மாற்றலாம், கோபத்தை எந்தக் கடையில் மாற்றுவது? மல்யுத்தத்தில் வீழ்த்துபவரல்ல, கோபத்தில் தன்னை அடக்குபவரே வீரர் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்கள் கல்லில் கால் வைத்து இறங்குவார்கள். மூச்சுத் தாங்குவது ஏறக்குறைய ஒரு நிமிடம். கயிற்றை அசைத்ததும் தோணியில் இருப்பவர் மேலே இழுப்பார். அவர் அசந்துவிட்டால்?

தந்தைமார்களே! பிள்ளையின் அந்தச் சீற்றம்தான் கயிற்றின் அசைவு.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தமிழகத்தில் 2025-ல் தடை வந்தது. மற்ற விளையாட்டுகளுக்கு அந்த நேரத்தடை இல்லை. அதை வீட்டில் வைக்க வேண்டியவர் நீங்கள். திட்டாதீர்கள். இஷாவுக்குப் பின் அவன் பக்கத்தில் உட்காருங்கள். என்ன விளையாடுகிறான் என்று கேளுங்கள். பிறகு உறங்கச் சொல்லுங்கள். ஃபஜ்ருக்குக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள்.

நம் பிள்ளைகளின் நேரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.