வாயில் குஞ்சு

நடவுக்குப் போகும்போது எங்கம்மா கைக்குழந்தையான தம்பியை வரப்போரத்து வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கும். புள்ள வீரிட்டு அழுதாலும் பிடித்த பாத்தி முடியாமல் கரையேற முடியாது. குடை பிடித்து வரப்பில் நின்ற பண்ணைக்காரம்மா சொன்னது இன்னும் என் காதில் கிடக்கிறது: "இதுங்களுக்கு ஏது புள்ளப் பாசம்?"

முதலையைப் பற்றியும் இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறோம். தான் ஈன்றதையே தின்னும், பாசமற்ற பிராணி என்கிறது ஐங்குறுநூறு. கரையில் நின்றவன் கண்ணுக்கு வாய் தெரிந்தது. வாய்க்குள் குஞ்சு தெரிந்தது. தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

உண்மையில், முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்துவதைக் கேட்டுத் தாய் முதலை மண்ணைத் தோண்டுகிறது. அவற்றை வாயில் ஏந்தித் தண்ணீருக்குக் கொண்டுபோகிறது. வடநெம்மேலியில் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணையில் அப்பன் முதலையும் குஞ்சு சுமந்ததை 1980களில் பதிவு செய்தார்கள். குஞ்சு தின்னும் முதலைகளும் உண்டுதான். அதை வைத்து ஒரு சாதி முழுசுக்கும் பேர் வைப்பது யார்?

'ஊர்வன' என்பதும் வயிறு மண்ணில் படுவதைப் பார்த்து வைத்த பேர்தான். பாம்பு, பல்லி, முதலை எல்லாம் ஒரே கூடையில். வம்சாவளியைப் பார்த்தால் கணக்கு வேறு. முதலைக்கு நெருங்கிய சொந்தம் பல்லி அல்ல, பறவை. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மூதாதையின் வாரிசுகள் இரண்டும். பல்லியின் இதயத்தில் மூன்று அறை. முதலைக்கும் காக்கைக்கும் நான்கு. பறப்பவற்றின் இளமைக்குச் சொன்ன 'பார்ப்பு', 'பிள்ளை' என்ற பேர்களையே தவழ்பவற்றுக்கும் சொல்கிறது தொல்காப்பியம்.

இன்னும் பின்னால் போனால் நாமும் அந்தக் குடும்பத்தில் சேர்கிறோம். 31 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே, கருவைச் சுற்றி நீர் நிறைந்த சவ்வோடு தரையில் முட்டையிட்டது ஒரு மூதாதை. எங்கம்மா வயிற்றில் என்னைக் காத்த பனிக்குடம் அந்தச் சவ்வின் வழி வந்ததுதான்.

தோழர்கள் கோபிக்கலாம்: 'நம்மை விலங்கு என்றவனுக்கு நீயே எடுத்துக் கொடுக்கிறாயா?' இல்லை. சொந்தம் என்று நிரூபித்தால்தான் பாசம் உண்டென்று ஒப்புக்கொள்வேன் என்பதும் அநியாயம்தான். என் கேள்வி கரையில் நிற்கிற கண்ணைப் பற்றியது. சேற்றில் இறங்காதவருக்குத் தீர்ப்புச் சொல்ல என்ன யோக்கியதை?

அன்றைக்குப் பாத்தி முடிந்ததும் எங்கம்மா ஓடிவந்து, கைச்சேற்றைச் சேலையில் துடைத்து, தம்பியை வாரியெடுத்துப் பால் கொடுத்தது. அதைப் பார்க்கப் பண்ணைக்காரம்மா வரப்பில் இல்லை. வீட்டுக்குப் போயிருந்தாள்.