கும்பப்பூ நடவுக்கு முன்பே

கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்து, அடுத்த போகமான கும்பப்பூவுக்கு வயல் உழுகிற நேரம் இது. பின்னாலேயே ஐப்பசி மழை வந்துவிடும். இராஜாக்கமங்கலத்து மக்களே, அதற்குள் செய்தாக வேண்டிய வேலை இருக்கிறது. வயல் வைத்திருப்பவருக்கு மட்டுமல்ல, ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நம் பக்கம் கடைமடை. பேச்சிப்பாறை அணையில் திறந்துவிடும் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக, குளம் குளமாக இறங்கி வருகிறது. வழியில் போட்ட உரமும், தெளித்த மருந்தும், எறிந்த பிளாஸ்டிக்கும் அதோடு வருகின்றன. நம் பங்கையும் சேர்த்துப் பன்றிவாய்க்கால் பொழிமுகத்துக்கு அனுப்புகிறோம். அங்கே மீன்பிடிப்பவரும் நம் ஆட்கள்தானே?

கடலை நெருங்க நெருங்க மண் மணலாகிறது. மணலில் யூரியா நிற்காது. நூறு கிலோ யூரியாவில் தழைச்சத்து 46 கிலோ. அதில் பெரும்பாலும் பாதியைக்கூட நெல் எடுப்பதில்லை. தென்னந்தோப்பில் மழைக்கு முந்தின நாள் கொட்டிய உரம், வேர் உறிஞ்சுமுன்னே கீழிறங்கி நைட்ரேட்டாகக் கிணற்றில் சேரும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தாண்டினால் முதல் ஆபத்து கைக்குழந்தைக்கு: இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். கொதிக்கவைத்தாலும் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும்.

விவசாயி அண்ணன்மாரே, மண்ணைப் பரிசோதிக்காமல் உர மூட்டையைப் பிரிக்காதீர்கள். இலை வண்ண அட்டையை நெல் இலையோடு ஒப்பிட்டு, பச்சை குறைந்தால் மட்டும் யூரியா போடுங்கள், அதையும் பிரித்துப் போடுங்கள். சந்தேகம் என்றால் திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். வாழைக்கு மருந்தடித்த தெளிப்பானை வாய்க்காலில் கழுவவே வேண்டாம். வாய்க்கால் கரையை ஒட்டிப் புல்லைச் செதுக்காமல் விடுங்கள். மழையில் ஓடும் மண்ணை அது பிடித்து நிறுத்தும்.

ஆனால் இந்தச் சுமை முழுவதையும் விவசாயிகள் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. பாட்டத்துக்கு எடுத்துப் பயிரிடுபவர், விளைச்சலில் ஒரு கோட்டை நெல் குறைந்தாலும் கடனாளியாகிறார். அவருக்கு உபதேசம் சொல்லிவிட்டு, நம் வீட்டுக் கழிவுநீர்க் குழாயை அவருடைய வாய்க்காலில் திறந்துவிடுகிறோம். இது அநியாயம். இந்த வாரமே அந்தக் குழாயை அடைத்துவிடுங்கள். வீட்டு வளாகத்திலேயே உறிஞ்சுகுழி தோண்டுங்கள். குளத்தோரத்தில் கட்டட இடிபாடு கொட்டும் லாரியை மறித்து நில்லுங்கள். பக்கத்து வேம்பனூர் ஈரநிலம் 2022-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பட்டியல் ஆகாயத்தாமரையை அள்ளாது. நாம்தான் இறங்கி அள்ள வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு எல்லோரும் வாருங்கள். எந்த வாய்க்காலில் எந்த இடத்தில் சாக்கடை விழுகிறது என்று எழுதிக் கொண்டுவந்து, அடைக்கச் சொல்லித் தீர்மானம் கேளுங்கள். விவசாயிகள் வயலில் பல இடங்களில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோ பையில் கட்டி வாருங்கள். வண்டி வைத்திருப்பவர்கள் அந்தப் பைகளைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். முடிவு கைக்கு வரும்வரை ஒரு உர மூட்டையையும் பிரிக்க வேண்டாம்.