அணிலுக்குப் பத்து

இந்த வருடம் செப்டெம்பர் நடுவிலிருந்து நான் எடுத்த டியூலிப் படங்கள் நூறுக்கு மேல் இருக்கும். மூன்று வாரமாக அவை கமராவுக்குள்ளேயே கிடந்தன. எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை, எடுத்ததை அனுப்பவும் கை வரவில்லை.

நான் இருப்பது கன்பராவில். அக்கா ஒட்டாவாவில். இரண்டும் தலைநகரங்கள். ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காத பெரிய நகரங்களுக்கு நடுவே, பொதுவாக ஓர் இடம் வேண்டும் என்று தெரிவான ஊர்கள். இரண்டிலும் டியூலிப் விழா நடக்கும். இங்கே பேர்லி கிரிஃபின் ஏரிக்கரையில், கொமன்வெல்த் பூங்காவில், 1988 முதல் நடப்பது ஃபுளோரியாட். செப்டெம்பர் நடுவில் தொடங்கி ஒக்டோபர் நடுவில் முடியும். அங்கே 1953 முதல் மே மாதத்தில். என் வசந்தத்தில் அக்காவுக்கு இலை உதிரும், அக்காவின் வசந்தத்தில் எனக்கு உதிரும். பன்னிரண்டு வருடமாக மே மாதத்தில் அங்கிருந்து ஒரு படம் வரும், செப்டெம்பரில் இங்கிருந்து ஒரு படம் போகும். பெரிதாக ஒன்றும் எழுதுவதில்லை. "பூத்திட்டுது" என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

எங்கள் கடிகாரங்களும் எதிர்த் திசையில் நகர்பவை. செப்டெம்பரில் இரண்டு ஊருக்கும் 14 மணி நேர வித்தியாசம். ஒக்டோபர் முதல் ஞாயிறு நாங்கள் ஒரு மணி முன்னே போவோம், வித்தியாசம் 15 ஆகும். நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் ஒரு மணி பின்னே போவார்கள், 16 ஆகும். எப்போது எடுத்தால் அக்கா விழித்திருப்பார் என்று விரல்விட்டு எண்ணித்தான் நான் அழைப்பு எடுப்பேன்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் அத்தான் போய்விட்டார். செய்தி கேட்டதும் போனேன். எட்டுச் செலவு, அந்தியேட்டி எல்லாம் முடியும்வரை அக்காவோடு இருந்துவிட்டுச் செப்டெம்பரில் திரும்பினேன். அங்கே மேப்பிள் மரங்களின் உச்சிக் கொப்புகள் மட்டும் சிவக்கத் தொடங்கியிருந்தன. இங்கே வந்து இறங்கினால் தெருவெல்லாம் வாட்டில் பூ. சின்னச் சின்ன மஞ்சள் உருண்டைகளாக அது வேலிகளுக்கு மேலால் வழிந்துகொண்டிருந்தது. ஒரே நாளில் ஒரு பருவத்திலிருந்து இன்னொன்றுக்குள் தூக்கிப் போட்டதுபோல் இருந்தது. வாசலில் பெட்டியை வைத்துவிட்டு நின்றபோது, அந்த மஞ்சள் எனக்கு அழகாகத் தெரிந்ததே ஒரு குற்றம்போல் பட்டது.

அத்தான் யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்காரர். செம்மண்ணில் வெங்காயம் செய்த குடும்பம். கனடாவுக்கு வந்த புதிதில் யாரோ டியூலிப் கிழங்கைக் கையில் கொடுக்க, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கடை வெங்காயமெல்லோ" என்று சிரித்தவர். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் வீட்டு முன்றலில் நாற்பது கிழங்கு நடுவார். கூர்முனை மேலே பார்க்க வேண்டும், அரையடி ஆழம் வேண்டும். மண்ணை மூடி, மேலே கோழிக்கூட்டுக் கம்பிவலை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைப்பார். அப்படியும் அணில் தோண்டும். எனக்குத் தொலைபேசியில் கணக்குச் சொல்வார்: "நாப்பது நட்டனான் தம்பி. அதிலை அணிலுக்குப் பத்து." ஒவ்வொரு வருடமும் அதே வசனம், அதே சிரிப்பு.

அவர் இல்லாத வீட்டுக்குப் பூப்படம் அனுப்புவது எப்படி?

இந்தத் தயக்கம் ஊரில் படித்தது. எங்கள் ஒழுங்கையில் ஒரு சாவீடு என்றால், இரண்டு வீடு தள்ளி நடக்கும் கலியாணத்தில் ஒலிபெருக்கியின் சத்தம் குறையும். வானொலி தணியும். துடக்குக்காரர் கோயிலுக்குப் போகமாட்டார்கள், அந்த வருடம் பொங்கல் பானை ஏறாது. யாரும் இதைச் சட்டமாக எழுதி வைக்கவில்லை. பக்கத்து வீட்டின் அழுகை கேட்கும் தூரத்தில் நாம் சிரிக்கக் கூடாது என்ற எளிய மரியாதைதான். ஆனால் அந்த மரியாதை ஒழுங்கையின் அளவுக்குத் தைத்த சட்டை. பதினாறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அக்காவுக்கு என் வீட்டுச் சத்தம் கேட்காது. நான் சத்தத்தைக் குறைத்தேனா, அல்லது ஆளே இல்லாததுபோல் வீட்டைப் பூட்டிக்கொண்டேனா என்பதை அவரால் எப்படி அறிய முடியும்?

ஒரு காலத்தில் நாங்கள் இருவரும் ஒரே பருவத்தில் நின்றிருக்கிறோம். 2009 ஏப்ரலில், ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி, ஒட்டாவா நாடாளுமன்ற முன்றலில் தமிழர்கள் இரவும் பகலும் நின்றார்கள். அக்காவும் அத்தானும் வேலை முடிந்து நேரே அங்கே போவார்கள். மே மாதம் வந்தது, நகரம் முழுவதும் டியூலிப் பூத்தது. அந்த மாதத்தில்தான் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. எனக்கு இங்கே இலை உதிர்காலம், அவர்களுக்கு அங்கே வசந்தம் என்று நாட்காட்டி சொன்னது. அழைப்பு எடுத்தால் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அக்காவுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது, எனக்கும் இருக்காது. தெரிந்தவர் எல்லோரும் ஒரே கிணற்றுக்குள் விழுந்துவிட்டால் மேலே நின்று கயிறு போட ஆள் இல்லை. அந்த மே மாதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இது: சகோதரர்கள் வெவ்வேறு பருவத்தில் இருப்பது அநியாயம் இல்லை, ஒரு விதத்தில் கொடுப்பினை.

இதை இப்போது எழுதுகிறேன். செப்டெம்பரில் இது எனக்கு நினைவில் வரவில்லை.

ஒக்டோபர் முதல் வாரத்தில் அக்காவே எடுத்தார்.

"என்ன தம்பி, இந்த முறை உங்கை பூக்கேல்லையோ?"

"பூத்ததுதான் அக்கா."

"அப்ப ஏன் படம் வரேல்லை?"

"இல்லை... நீங்கள் இருக்கிற நிலையிலை..."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "உன்ரை படம் வந்த பிறகுதான் அத்தான் கிழங்கு வாங்கப் போறவர், தெரியுமோ?"

எனக்குத் தெரியாது.

"தம்பியின்ரை பூத்திட்டுது, இனி எங்கடையை நடவேணும் எண்டு சொல்லிப்போட்டுத்தான் சப்பாத்துப் போடுவார். இந்த முறை படமும் வரேல்லை, எனக்கும் நினைவில்லை. முன்வீட்டுக்காரி குந்தியிருந்து நடுறதைப் பார்த்துத்தான் நாள் போனது தெரிஞ்சுது."

பன்னிரண்டு வருடமாக நான் அனுப்பிய படத்தை அந்த வீட்டில் அழகென்று பார்த்தார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே அது பஞ்சாங்கமாக இருந்திருக்கிறது.

யோசித்தால், அப்படித்தான் இருக்க முடியும். டியூலிப்பின் கணக்கு அது. பூத்து வாடி, கோடையில் கிழங்காகக் கிடக்கும்போதே அடுத்த பூவின் உரு உள்ளே உருவாகிவிடுகிறது. அதற்குச் சூடு வேண்டும். ஆனால் அந்தப் பூ தண்டு நீண்டு மண்ணுக்கு மேலே வருவதற்கு மூன்று மாதத்துக்குக் குறையாத குளிர் வேண்டும். குளிர் போதாவிட்டால் பூ குட்டையாய், மண்ணோடு மண்ணாய் நின்றுவிடும். யாழ்ப்பாணத்தில் இது பூக்காததற்குக் காரணமும் அதுதான். எங்களுக்குச் சின்ன வயதில் டியூலிப் என்றால் கலண்டர் படம். ஆகவே குளிர்காலம் வருவதற்கு முன் கிழங்கை மண்ணுக்குள் வைத்துவிட வேண்டும். இங்கே அது ஏப்ரல், மே. அங்கே ஒக்டோபர். நான் மண்டியிட்டுப் பூவைப் படம் எடுக்கும் அதே வாரங்களில்தான் அவர்கள் மண்டியிட்டுக் கிழங்கை நடுகிறார்கள்.

ஒட்டாவாவின் டியூலிப் விழாவின் கதையே அப்படி ஓர் இலையுதிர் காலத்தில் தொடங்கியதுதான். போர்க்காலத்தில் நெதர்லாந்து இளவரசி ஜூலியானா பிள்ளைகளோடு அங்கே அடைக்கலம் இருந்தார். 1943 ஜனவரியில் அவருக்கு மார்கிரெட் பிறந்தபோது, குழந்தைக்கு நெதர்லாந்துக் குடியுரிமை மட்டுமே இருக்க, பிரசவப் பகுதியைக் கனடா அரசு தன் ஆட்சி எல்லைக்கு வெளியே என்று அறிவித்தது. அடைக்கலத்துக்கு நன்றியாக 1945 இல் ஒரு லட்சம் டியூலிப் கிழங்குகள் வந்து சேர்ந்தன. அதற்கு முந்திய பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்துச் சனங்கள் டியூலிப் கிழங்கையே அவித்துத் தின்றிருந்தார்கள். அத்தானுக்கு இந்தக் கதை மிகப் பிடிக்கும். அடைக்கலம் கேட்டுப் போனவர்தானே அவரும். "பசிக்குத் திண்டதைத்தான் நன்றிக்கும் குடுத்தவங்கள்" என்பார். கிழங்குப் பெட்டியைத் திறந்த அன்று அந்த நன்றி பூவாக இருக்கவில்லை. வெங்காயம் மாதிரித்தான் இருந்திருக்கும்.

எங்கள் ஊரில் பூப்பதையும் உதிர்வதையும் யாரும் இரண்டு காலமாகப் பிரித்து வைக்கவில்லை. தமிழில் பெரும்பொழுது ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இலையுதிர்காலம் என்று ஒன்று அந்த ஆறுக்குள் இல்லை. வேலியில் நிற்கும் முள்முருக்கு இலையைக் கொட்டிவிட்டு, வெறும் கொப்பில் சிவப்பாகப் பூத்து நிற்கும். அது வசந்தமா, உதிர்காலமா என்று கேட்டால் ஊரில் சிரிப்பார்கள். இரண்டையும் பிரித்து, ஒன்று சந்தோசம், மற்றது துக்கம் என்று பெயர் ஒட்டியது இங்கு வந்த பிறகு நான் பழகியது.

இன்னொன்றும் எனக்கு அந்த அழைப்புக்குப் பிறகுதான் உறைத்தது. சூரியனுக்குக் கிட்டப் போனால் கோடை, தூரப் போனால் குளிர் என்றுதான் சின்ன வயதில் நான் நினைத்திருந்தேன். உண்மையில் பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவது ஜனவரித் தொடக்கத்தில், ஒட்டாவா பனிக்குள் புதைந்திருக்கும் நாளில். பருவத்தைத் தீர்மானிப்பது தூரம் இல்லை, 23.4 பாகைச் சரிவு. எந்தப் பக்கம் முகம் கொடுத்திருக்கிறது என்பதுதான் கணக்கு. அக்காவிலிருந்து நான் எப்போதும் ஒரே தூரத்தில்தான் இருக்கிறேன். அந்த மூன்று வாரமும் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தேன். அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

அதற்காகக் கண்ட நேரத்தில் கண்டவருக்குப் பூவைக் காட்டலாம் என்று சொல்லவரவில்லை. போன வருடம் மே மாதம் நான் சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது, குடும்பக் குழுமத்தில் யாரோ நாற்பது பேருக்கும் சேர்த்துச் செர்ரிப் பூப்படங்களாகக் கொட்டினார்கள். எரிச்சல்தான் வந்தது. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அடுத்த நாள் அக்காவின் டியூலிப் ஒன்று தனியாக வந்தது, "பூத்திட்டுது. உன்ரை காயம் எப்பிடி?" என்ற வரியோடு. அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு தரம் பார்த்தேன். முதலாவது ஒலிபெருக்கி. மற்றது வேலிக்கு மேலால் கூப்பிட்டுக் கேட்பது.

அக்கா அழைத்ததற்கு அடுத்த நாள் காலையில் மீண்டும் பூங்காவுக்குப் போனேன். விழா முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. முந்திப் பூத்தவை இதழ் விரிந்து, ஒன்றிரண்டை மண்ணில் போட்டிருந்தன. பிந்திய வகைகள் மட்டும் குளிரில் கூம்பி நின்றன. வெயில் ஏற ஏறத்தான் அவை திறக்கும். சிவப்பு டியூலிப் கமராவுக்குப் பொல்லாத பூ. உள்ளபடி எடுத்தால் சிவப்பு முழுவதும் ஒரே திட்டாகிவிடும், இதழின் நரம்பு ஒன்றும் தெரியாது. வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுக்க வேண்டும். குறைத்தால் பூ மங்காது, அதுவரை தெரியாத கோடுகள் தெரிய வரும். ஒழுங்கையில் ஒலிபெருக்கியைத் தணித்தவர்களும் கலியாணத்தை நிறுத்தவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தாலி கட்டும் நேரத்தில் மேளம் கேட்டது. சாவீட்டுக்கும் கேட்டது.

ஒரு பூ. கீழே இரண்டு இதழ் விழுந்து கிடப்பதும் தெரியும்படி எடுத்தேன். "பூத்திட்டுது" என்று எழுதி அனுப்பினேன். அக்கா பார்த்துவிட்டார் என்பதற்கு இரண்டு நீலக் கோடு. பதில் இல்லை.

பத்து நாள் கழித்து, இங்கே விடியும் நேரம், அங்கிருந்து ஒரு படம் வந்தது. முதலில் கைதவறி எடுத்ததாக்கும் என்று நினைத்தேன். படத்தில் ஒன்றும் இல்லை. கறுப்பு மண், அதன்மேல் நாலைந்து மேப்பிள் இலை. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கம்பிவலை தெரிந்தது. மூலைக்கு ஒரு கல். ஒரு கல் சரியாக வைபடாமல் சாய்ந்திருந்தது. அக்கா இதுவரை மண்வெட்டி பிடித்தவர் இல்லை.

"எத்தினை நட்டனீங்கள்?" என்று கேட்டு அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"நாப்பது. அதிலை அணிலுக்குப் பத்து."