தேர்ந்தெடுத்தது யார்?

விந்தணுக்கள் பந்தயம் ஓடும், முந்தியது வெல்லும் என்றே பள்ளியில் படித்தோம். ஆய்வகம் வேறு கதை சொல்கிறது. 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலியின் விந்தணுவில் கண்ட புரதத்துக்கு, திருமணப் பேறு வேண்டித் தொழும் இசுமோ ஆலயத்தின் பெயரைச் சூட்டினார்கள். அதற்கு இணையான ஜூனோ முட்டையின் மேற்பரப்பில் இருப்பது 2014இல் தெரியவந்தது. இரண்டும் பிணையாமல் கருவில்லை. ஒன்று நுழைந்ததும் முட்டை தன் ஜூனோவை உதிர்த்துவிடுகிறது. முட்டை வெறுமனே காத்திருக்கும் பரிசுப்பொருள் அல்ல.

1992இல் பிரசல்ஸிலிருந்து அறிவிக்கப்பட்ட இக்ஸி முறைக்கு இந்தப் பிணைப்பே தேவையில்லை. கருவியலாளர் ஒரு விந்தணுவைத் தெரிந்து ஊசியால் உள்ளே செலுத்துகிறார். பிள்ளைக்கு ஏங்கிய வீடுகளுக்கு அது வரம். ஆனால் யாருடையதாகவும் இராத தேர்வுக்கு இப்போது ஓர் ஆள் வந்துவிட்டார். அவர் பார்ப்பது அசைவையும் வடிவத்தையும்தான். பிறக்கப்போகும் மனிதரை அல்ல. ஆகவே பொறுப்பு கையின் செயலுக்கு மட்டுமே. பிறந்த பிள்ளையை ‘எங்கள் தேர்வு’ என்று உரிமை கொண்டாட எவருக்கும் இடமில்லை.